தேக்காவில் ஒரு பெரட்டு

சிங்கப்பூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் நம் தோட்டத்தில் முதலில் வரும் கேள்வி, "என்ன சார் வாங்கிக்கிட்டு வந்தீங்க?" என்பதுதான். இந்த முறை கடைக்கே போகவில்லை. ஒரு பிஸ்கட் தகரம், அதுவும் காலித் தகரம், அது ஒன்றுதான் என்னோடு வந்த சாமான். அதைக் கண்டு என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தகரத்தின் கதை இது. எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஆறாம் ஆண்டு படித்த பையன் ஒருவன். தாயார் பால்மரம் வெட்டினார். இன்று அவன் சிங்கப்பூரில் குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சிறு கம்பெனி ஒன்றின் முதலாளி. அவனையும் சேர்த்து 14 பேர். சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான்.

"சார், எங்க ஆளுங்கள எல்லாம் ரெண்டு நாள் வெளியே கூட்டிக்கிட்டுப் போறேன். அடுத்த வருசத் திட்டம் பேசணும். நான் பேசினா எல்லாரும் தலையாட்டுறாங்க, ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க. வகுப்புல எங்கள எல்லாம் பேச வச்சீங்களே, நீங்க வந்து கொஞ்சம் நடத்திக் குடுங்க சார்."

இப்படிப் போவதற்கு அங்கே 'டீம் ரிட்ரீட்' என்று பெயராம். அகராதியைப் புரட்டினேன். பின்வாங்குதல் என்று போட்டிருந்தது. தோற்ற பட்டாளம் அல்லவா பின்வாங்கும் என்று எண்ணிக்கொண்டேன். அன்றாட வேலையிலிருந்து சற்று ஒதுங்கி நின்று, ஒன்றாகச் சாப்பிட்டு, மேலே என்ன செய்வது என்று கூடி யோசிப்பது என்று அவன் விளக்கினான். பெரிய கம்பெனிகள் இதற்காகத் தீவுகளுக்கும் மலைகளுக்கும் போகின்றனவாம். "நமக்குத் தேக்காவும் பாசிர் ரிஸ் கடற்கரையும் போதும் சார்" என்றான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜொகூர் பாருவில் 170ஆம் எண் பேருந்தில் ஏறினேன். பாலம் இருப்பது ஒரு கிலோமீட்டர் தூரம். 1924இல் திறந்தது. நடந்தால் கால் மணியில் கடந்துவிடலாம். அன்று எனக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் இந்த எல்லையைக் கடக்கிறார்கள் என்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை லயத்து வீடுகளின் முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணியே சொல்லிவிடலாம். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லை மூடிக்கொண்டபோது அந்தக் கம்பெனியின் ஜொகூர்ப் பையன்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு கரையில் அகப்பட்டுக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில் பாதை முழுதாகத் திறக்கும் வரை கம்பெனி தாக்குப்பிடித்ததே பெரிய காரியம். அதன் பிறகு எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது இந்த இரண்டு நாள்தான்.

சனிக்கிழமை காலை சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாசில் தோசை. சாப்பிட்டு முடித்ததும் முதலாளித் தம்பி எங்களை நாலு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்தான். தெருத் தெருவாய்ப் போய் விடை கண்டுபிடித்து வரவேண்டும். கூடாதென்று ஒன்று மட்டும் சொன்னான்: தினமும் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. என் குழுவில் கணக்கெழுதும் சீன அம்மையார் (எல்லாரும் ஆன்ட்டி என்கிறார்கள், ஈப்போவில் பிறந்தவர்), மலாய்க்கார வேன் ஓட்டுநர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து தங்கும் விடுதியில் இருக்கும் ஒரு தம்பி. நாலு பேருக்கும் பொதுவான மொழி என்று ஒன்றும் இல்லை. தமிழ் கொஞ்சம், மலாய் கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம், மீதிக்குக் கை.

முதல் கேள்வி, தேக்கா என்றால் என்ன? நான் தேக்கு மரம் என்று ஓடப் பார்த்தேன். ஆன்ட்டி சிரித்துவிட்டு, அது ஹொக்கியன் சொல், சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள் என்றார். அந்தக் காலத்தில் அங்கே மூங்கில் புதர்கள் இருந்தனவாம். இன்றைய சந்தைக் கட்டடம் 1982இல் எதிர்ப்புறத்துக்கு மாறி வந்தது. பழைய சந்தையின் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி. பக்கத்திலேயே கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்று ஒரே எருமைக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு. ரொச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் அங்கே வளர்ந்தது. மாட்டோடு நம்மவர்களும் வந்தார்கள்.

கெர்பாவ் சாலையில் கண்ணைப் பறிக்கும் வர்ணங்களில் ஒரு வீடு. 1900இல் டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வியாபாரி கட்டியது. எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டுக் கேக் மாதிரி இருக்கிறது.

வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் சிவகங்கைத் தம்பிக்குத்தான் மதிப்பெண். அந்தக் கோயிலுக்கு முன்னாளில் என்ன பெயர் என்பது கேள்வி. பூக்கட்டும் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு ஓடி வந்தான்: "சுண்ணாம்புக் கம்பம் கோயிலாம் சார்!" அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. மலாய் 'கம்போங்' தமிழர் வாயில் கம்பமாயிற்று. நம் தோட்டத்துப் பேச்சிலும் இன்றுவரை கம்பம்தானே? அந்தப் பெயரைக் கேட்டதும் ஏதோ சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் முகப்பில் சூரியனைப்போல் ஒரு வட்டம், 25 கதிர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில் உள்ளது என்று ஓட்டுநர் நின்று நிதானமாய்ச் சொன்னார். பல ஆண்டுகளாய் அந்த வழியாகக் கருவிகளை ஏற்றிப் போகிறவராம். "யாரும் என்னைக் கேட்டதில்லை" என்றார் மலாயில். ஆன்ட்டி அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவருடைய சம்பளச் சீட்டை மாதாமாதம் எழுதுகிறவர் ஆன்ட்டிதான்.

எங்கள் குழு மூன்றாவதாக வந்தது. தோல்விக்குக் காரணம் நான். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் நுழைந்தவன் பழைய பொருள்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். குழுவினர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

பகலில் வேன் ஏறிப் பாசிர் ரிஸ் போனோம். போகும் வழியில் ஃபேர்பிரைஸ் அங்காடியில் கோழி, மீன், கரி எல்லாம் வாங்கினோம். தங்கிய இடம் கடற்கரைக்கு அருகில் அடுக்கடுக்காய் இருக்கும் ஓய்வு வீடுகளில் ஒன்று. இவ்வளவு வசதியான இடம் எந்தப் பணக்காரருடையது என்று கேட்டேன். கம்பெனியில் மூத்தவரான, அறுபதைக் கடந்த சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர், முன்னாளில் சங்கக் கிளையில் இருந்தவர், மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "பணக்காரரா? தொழிற்சங்கத்துது தம்பி. 1988ல திறந்தாங்க. நீங்க கோழி வாங்கின கடையும் அவுங்களுதுதான்" என்றார்.

அந்த இரவு அவர் சொன்னதையும், திரும்பி வந்து நான் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த 'ரிட்ரீட்' என்ற பெயரெல்லாம் அங்கே புழக்கத்துக்கு வருமுன்னரே, தொழிலாளர் தலைவர்கள் இப்படி ஒதுங்கி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

1968இல் சிங்கப்பூரில் வேலைச் சட்டமும் தொழிலுறவுச் சட்டத் திருத்தமும் வந்தன. ஆள் சேர்ப்பது, நீக்குவது, பதவி உயர்த்துவது, இடம் மாற்றுவது எல்லாம் முதலாளியின் உரிமை, சங்கம் அதில் பேரம் பேச முடியாது என்றாகிவிட்டது. பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படும் என்ற செய்தியும் அந்த ஆண்டுதான். சங்கங்களில் ஆள் குறைந்துகொண்டே போனது. 1969 நவம்பரில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தன் தலைவர்களையெல்லாம் ஷென்டன் வேயில் உள்ள மாநாட்டு மண்டபத்தில் கூட்டியது. இனி என்ன செய்வது என்பதுதான் பேச்சு. நாள் கணக்கில் பேசினார்கள். தொழிலாளர்களே கூட்டுறவுகள் தொடங்குவது என்ற முடிவு அங்கே பிறந்தது. 1970இல் 'இன்கம்' காப்புறுதி, அதே ஆண்டில் 'கம்ஃபர்ட்' டாக்சிக் கூட்டுறவு, 1973இல் விலைவாசி ஏறியபோது தோ பாயோவில் 'வெல்கம்' அங்காடி. அந்த அங்காடிதான் 1983இல் இன்னொரு கூட்டுறவோடு சேர்ந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று. டாக்சியும் காப்புறுதியும் பிற்காலத்தில் கம்பெனிகளாக மாறிவிட்டன. அங்காடி கிடைத்தது, சண்டை போடும் குணம் போயிற்று என்று குறை சொல்வோரும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை என்றே எனக்கும் படுகிறது. பெரியவர் மட்டும், "விலை ஏறினப்ப அரிசி வாங்கினது அங்கதான்" என்று முடித்துக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர் யார் தெரியுமா? சி. வி. தேவன் நாயர். 1923இல் நம் மலாக்காவில் பிறந்தவர். தந்தையார் ரப்பர் தோட்டத்துக் கிராணி. ரப்பர் விலை சரிந்த காலத்தில், பத்து வயதில், குடும்பத்தோடு சிங்கப்பூருக்குப் போனவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர் (இதை எழுதும்போது என் கை சற்று நிமிர்கிறது). 1951லும் 1956லும் தடுப்புக்காவல். 1964இல் பங்சாரில் நின்று மலேசிய நாடாளுமன்றத்துக்குப் போனார். 1981இலிருந்து 1985 வரை சிங்கப்பூர் அதிபர். தோட்டத்துக் கிராணி வீட்டுப் பிள்ளை!

நம் பக்கத்திலும் 1960இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாய்ப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள், துண்டாடப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டுத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினாரே, அது இங்கே பெரியவர்களுக்குத் தெரிந்த கதை.

ஞாயிறு காலைதான் என் வேலை. எல்லாரும் கூடத்தில் வரிசையாய் நின்றார்கள். உட்காரச் சொல்லியும் நின்றார்கள். முதலாளித் தம்பி கையில் தாளோடு முன்னால் நின்றான். எனக்குச் சட்டென்று பெரட்டுக்களம் கண்ணில் வந்தது. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: விடியுமுன் மணி அடித்ததும் ஆட்கள் களத்தில் கூடவேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார், மண்டோர் இன்னாருக்கு இன்ன நிரை என்பார். அங்கே ஆளுக்கு இருக்கும் ஒரே பேச்சு, "வந்தேங்க". அவ்வளவுதான் பெரட்டு. அங்கே வளர்ந்தவன் முதலாளியானாலும் அதே களத்தைத்தான் போடுகிறான், பாவம்.

நாற்காலிகளை வட்டமாய்ப் போடச் சொன்னேன். அவன் விஷயத்தைச் சொன்னான். ஓர் அலுவலகக் கட்டடத்தில் பெரிய குத்தகை, இரண்டு ஆண்டுக்கு. ஆனால் ஆபீஸ் திறக்குமுன் வேலை முடிய வேண்டும், காலை ஆறரைக்குத் தொடக்கம். "முடியுமா?" என்றான். பதின்மூன்று தலைகளும் ஆடின.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ஒன்று: கை தூக்காத பிள்ளையைக் கவனி. ஆன்ட்டி கொண்டுவந்த பிஸ்கட்டை எல்லாருக்கும் பங்கிட்டுத் தகரத்தைக் காலி செய்தேன். ஆளுக்கொரு தாள் கொடுத்து, பெயர் போடாமல், தெரிந்த மொழியில், ஆறரை மணி பற்றி மனத்தில் இருப்பதை எழுதித் தகரத்தில் போடச் சொன்னேன். முதலாளியும் எழுதவேண்டும். இருபது நிமிடம். கடற்காற்று தவிரச் சத்தமில்லை.

மலாய்த் தாள்களை ஓட்டுநர் படித்தார், ஆங்கிலத்தை ஆன்ட்டி. தமிழ் எனக்கு. ஏணி ஒன்று ஆடுகிறது, மாற்றவேண்டும் என்று ஒன்று. குத்தகை வேண்டும், வீட்டுக்கு அதிகம் அனுப்பலாம் என்று ஒன்று. பிறகு இது:

'போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பாலத்தில் மோட்டாரில் வரும்போதே கண் அசந்துவிட்டேன். முன்னால் நின்ற வண்டியில் மோதிக் கீழே விழுந்தேன். எழுந்து வேலைக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆறரைக்கு வரச் சொன்னால் வருவேன். எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.'

படித்துக்கொண்டு வந்த குரல் பாதியில் எனக்கு நின்றுவிட்டது. அந்த எழுத்தை எனக்குத் தெரியும். 'ழ' போட்டால் அதன் வால் அடுத்த எழுத்தின் கீழே ஓடி மடங்கும். சிவப்பு மையால் எத்தனை முறை திருத்தியிருக்கிறேன்! நம் பள்ளியில் படித்தவன். அவன் தாயார் எங்கள் தோட்டத்து நாற்றங்காலில் இன்றும் வேலை செய்கிறார். காலையில் பள்ளி வாசலில் என்னைக் கண்டால், "பையன் சிங்கப்பூர்ல நல்லா இருக்கான் சார்" என்பார். நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவனைப் பார்த்துவிடுவேன்.

நெடுநேரம் யாரும் பேசவில்லை. முதலாளித் தம்பி கையிலிருந்த தாளை மடித்தான். "இப்பவே எட்டு மணிக்கு வர்றதுக்கு எத்தன மணிக்குக் கெளம்புறீங்க?" என்று கேட்டான். நாலரை, நாலே கால், ஒருவன் நாலு. ஆறரைக்கு என்றால் மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும். அவன் அறியாததல்ல, அவனும் ஒரு காலத்தில் அப்படி வந்தவன்தான். "மறந்து போயிட்டேன் சார்" என்றான் என்னிடம். அவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. அது எனக்குக் குறையாகப்பட்டது.

அதற்குப் பிறகு வாய் திறந்துகொண்டது. வழி சொன்னவர் ஆன்ட்டி. காலைக் குத்தகையைச் சிங்கப்பூரிலேயே இருக்கும் ஆறு பேர் பார்க்கட்டும், வேன் விடுதிக்கே போய் ஏற்றிக்கொள்ளட்டும். ஜொகூர் ஐவர் பத்து மணிக்கு வந்து ஏழு வரை வீடுகளில் வேலை பார்க்கட்டும், வீட்டுக்காரர்கள் மாலையில் வரச் சொல்லித்தானே தொந்தரவு செய்கிறார்கள் என்றார். உடனே சிவகங்கைத் தம்பி எழுந்தான். விடியலில் பசியாற வழியில்லை, கம்பெனி காலைச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்றான். நேற்று என்னோடு ஓடிய பிள்ளை, இன்று முதலாளியிடம் கேட்கிறான்! சரி என்றான் முதலாளி. ஜொகூர்ப் பையன் ஒருவன், ஏழுக்கு முடித்தால் வீடு சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும் என்றான். காலையில் பள்ளிக்கு நீயே கொண்டுபோய் விடலாமே என்றார் ஓட்டுநர். அவன் முழுச் சமாதானம் அடையவில்லை. மேல்நேரக் கூலியும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஏணியை மட்டும் அன்றே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

தகரத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது ஆறாம் ஆண்டு வகுப்பு மேசைமேல் இருக்கிறது. முதல் வாரத்தில் வந்தவை பெரும்பாலும் கழிவறைத் தாழ்ப்பாள் பற்றிய புகார்கள்.

புறப்படுமுன் கடற்கரையில் அந்தத் தம்பி தனியே நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் போய், "உன் 'ழ' இன்னும் திருந்தலையே தம்பி" என்றேன். திடுக்கிட்டான். பிறகு சிரித்தான். கண் கலங்கியிருந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்." இதை எழுதலாமா என்று பின்னர் கேட்டபோது, எழுதுங்கள், தோட்டத்தின் பெயரை மட்டும் போடாதீர்கள் என்றான். அம்மா இந்த இதழைத் தவறாமல் படிக்கிறவராம்.

மாலையில் என்னை ஷென்டன் வேயில் இறக்கிவிடச் சொன்னேன். 1965இல் கட்டிய அந்த மாநாட்டு மண்டபம் சுற்றிலும் எழும்பிவிட்ட உயரங்களுக்கு நடுவே தாழ்வாய், அகலமாய் உட்கார்ந்திருக்கிறது. சுவரில் மெங்குவாங் பாயின் பின்னலைப்போல் வண்ணச் சில்லுகள் பதித்திருக்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணையில் கிடக்குமே, அந்தப் பாய். பிற்காலத்தில் அது சிங்கப்பூர் சீன இசைக் குழுவின் இல்லமாயிற்று. காவலாளி ஏன் நிற்கிறேன் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

திங்கள் விடியலில் பேருந்தில் பாலம் கடந்தேன். என் பக்கம் வெறிச்சென்று இருந்தது. எதிர்ப்பக்கம் சிங்கப்பூரை நோக்கி மோட்டார் சைக்கிள் விளக்குகள், ஆயிரக்கணக்கில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு. சன்னலில் முகத்தை ஒட்டிவைத்து அந்தத் தலைக்கவசங்களில் என் மாணவனைத் தேடிக்கொண்டே வந்தேன். பாலத்தின் பாதியில்தான் நினைவு வந்தது, அன்றிலிருந்து அவனுக்குப் பத்து மணி வேலை. வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.